நெல்லைப் பக்கம் கல்யாணங்களுக்கு வயலின் குழு நடத்துவது எப்படி

பாளையங்கோட்டையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு நாலு பேர் கொண்ட ஒரு குழுவும் நடத்துகிறேன்: இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது), ஒரு செல்லோ (முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய தந்திக் கருவி). கோயில் கல்யாணம் (எங்கள் பக்கம் கிறிஸ்தவ ஆலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம், இங்கே அதைத்தான் சொல்கிறேன்), மண்டபத்து வரவேற்பு, கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வாசிக்கிறோம். என்னிடம் படித்த பிள்ளைகள், "டீச்சர், நாங்களும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், என்னென்ன பாக்கணும்?" என்று கேட்பதுண்டு. அவர்களிடம் சொல்வதையே இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வாசிப்பு சுத்தமாக இருந்தால் போதும், பாட்டுத்தாள் இணையத்தில் கிடைத்துவிடும் என்ற நினைப்போடுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிக்கிறார்கள். இந்தச் சீமையில் ஒரு குழுவை மறுபடி மறுபடி கூப்பிட வைப்பது அதன் கையில் இருக்கும் உள்ளூர்ப் பாட்டு. மணப்பெண் உள்ளே வருவதற்கு ஒரு மேற்கத்திய மெட்டு கேட்பார்கள், சரி, அதை வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆச்சி வீட்டில் முணுமுணுக்கும் கீர்த்தனை நாலு வில்லிலிருந்து எழும்போதுதான் கடைசி பெஞ்சில் இருப்பவரும் நிமிர்ந்து உட்காருவார். அடுத்த கல்யாணத்துக்கு நம்பர் கேட்டு வருகிறவரும் அவராகத்தான் இருக்கும்.

வயலினை வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் எட்டயபுரத்தைக் காட்டுங்கள். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அதே ஊரில்தான். கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவர்களின் நாவில் இன்றும் இருக்கிற வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்தது திருநெல்வேலியில். இந்த இரண்டு வழியும் ஓடிவந்து சேர்கிற இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் குழுவின் பாட்டுப் பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும்.

ஆட்கள்

வயலின் வாசிப்பவர்கள் இங்கே கிடைப்பார்கள். கோயில் பாடகர் குழுக்களில் இருக்கிறார்கள், மாவட்ட அரசு இசைப்பள்ளியில் கர்நாடக முறையில் படித்தவர்கள் இருக்கிறார்கள், டிரினிட்டி கிரேடுப் பரீட்சை எழுதியவர்கள் இருக்கிறார்கள். வயோலாவுக்கும் செல்லோவுக்கும்தான் அலைய வேண்டியிருக்கும்.

வயோலாவுக்கு ஆள் தேடுவதைவிட ஒரு வயலின்காரரை மாற்றுவது சுலபம். வயலினின் நாலு தந்தி ஜி, டி, ஏ, ஈ. வயோலாவின் நாலு சி, ஜி, டி, ஏ. மூன்று தந்தி பொதுவாகவே இருக்கிறது. கை விரலைக் கொஞ்சம் அகட்டி வைக்கப் பழக வேண்டும், வயோலாவுக்கு எழுதுகிற ஆல்டோ கிளெஃப் என்ற கோட்டுக் குறியீட்டை வாசிக்கப் பழக வேண்டும். பொறுமையான, பின்னால் இருந்து வாசிப்பதைக் குறையாக நினைக்காத ஆளைத் தேர்ந்தெடுங்கள். நடுக் குரலை நிரப்புவது பெரிய வேலை. கேட்பவருக்குத் தனியாகக் காதில் விழாது, ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு மெலிந்துபோகும்.

செல்லோ இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வயோலா கிடைக்கும் வரை இரண்டு வயலினும் செல்லோவுமாக மூன்று பேர் வாசிக்கலாம், நன்றாகவே இருக்கும். மூன்று வயலின் சேர்ந்து செல்லோ இல்லாமல் வாசித்தால் எல்லாம் மேலேயே நிற்கும், தரை இருக்காது. சிலர் அந்த இடத்தில் கீபோர்டு வைத்து ஓட்டுகிறார்கள். கீபோர்டில் அமுக்கிய சுரம் உடனே முழுசாக வந்து நிற்கிறது. வில்லில் வருவது மெதுவாகப் பெருகி மெதுவாக அடங்குகிறது. இரண்டும் ஒன்றாக மூச்சு விடுவதில்லை.

கர்நாடக முறையில் படித்தவரையும் மேற்கத்திய முறையில் படித்தவரையும் ஒரே குழுவில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் தாங்கி வாசித்துப் பழகியவரை நாற்காலியில் உட்கார்த்தி, தாடையால் பிடி என்றால் உடனே வராது. மாசக்கணக்கில் ஆகும். அதுவரை அவருக்கு மேடையில் ஒரு சின்னப் பலகை போட்டு, ஜமுக்காளம் விரித்து, அவர் வழக்கப்படியே உட்கார விடுங்கள். கீர்த்தனைகளில் அவரே முன் வயலின். ஸ-ப-ஸ-ப என்று சேர்த்த வயலின் ஒன்று, ஜி-டி-ஏ-ஈ என்று சேர்த்தது ஒன்று என இரண்டு கருவி அவரிடம் இருந்தால் நடுவில் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். பாட்டுத்தாளிலும் கோட்டுக் குறியீட்டுக்குக் கீழே ஸ ரி க ம எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு ஒத்திகை, இரண்டு மணி நேரம், தவறாமல். நல்ல வாசிப்பும் ஒழுங்கற்ற வருகையும் உள்ள ஒருவரைவிட, சுமாரான வாசிப்போடு சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவர் மேல். கல்யாண வீட்டில் நாலாவது ஆள் வரவில்லை என்றால் சொல்வதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதில் ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவருக்கும் அதே பாட்டுத்தாள் கோப்பு ஒன்று கொடுத்து, மாசத்தில் ஒரு ஒத்திகைக்காவது கூப்பிடுங்கள்.

பாட்டுக்கு நாலு குரல் எழுதுவது

ஒரு மெட்டை நாலு கருவிக்கும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதுவது, இதுதான் குழுவின் சொத்து. கடையில் கிடைக்காது, நாமே எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது, அது போதும்.

கீர்த்தனையை எடுத்தவுடன் கீழே கார்டு (பல சுரம் ஒன்றாக ஒலிக்கிற அடுக்கு) போடத் தொடங்குகிறார்கள், அங்கேதான் பாட்டு கெட்டுப்போகிறது. முதலில் ராகத்தைப் பாருங்கள். சங்கராபரணத்தின் சுரங்கள் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் சுரங்களே. நடபைரவி மைனர் ஸ்கேல், கீரவாணி ஹார்மோனிக் மைனர். இந்த ராகங்களின் சாயலில் நேராக நடக்கிற மெட்டுக்கு நாலு குரல் எழுதினால் இயல்பாக உட்காரும். பாமாலைப் பாட்டுகள் (கோயிலில் பாடும் மேற்கத்திய மெட்டு ஞானப்பாட்டுகள்) பிறக்கும்போதே நாலு குரலோடு பிறந்தவை, அவற்றை அப்படியே பிரித்துக் கொடுத்தால் ஆயிற்று. தோடி மாதிரி அசைவே உயிராக இருக்கிற ராகத்தில் கார்டைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். மேல் வயலின் காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது கீழே மூன்று பேர் அதே காந்தாரத்தை அசையாமல் பிடித்தால் இரண்டும் உரசும், சுருதி விலகின மாதிரி கேட்கும்.

அப்படிப்பட்ட பாட்டுக்கு நான் செய்வது இது. பல்லவிக்கு முன் வயலின் மட்டும் மெட்டை வாசிக்கும், செல்லோ ஸட்ஜமும் பஞ்சமமும் தம்பூராவைப்போல நீளமாக இழுக்கும். அனுபல்லவியில் இரண்டாவது வயலின் ஒரு ஸ்தாயி கீழே அதே மெட்டில் சேரும், கமகம் என்ற சுர அசைவு இல்லாமல், சுரம் மாறும் இடங்களை மட்டும் தொட்டுக்கொண்டு. வயோலா அடி முடிகிற இடத்தில் இரண்டு மூன்று சுரம் நகர்ந்து அடுத்த அடிக்குக் கை கொடுக்கும். கடைசிச் சரணத்தில் மட்டும் எல்லோரும் பலமாக. கமகத்தை ஒருவர்தான் வாசிக்க வேண்டும். நாலு பேரும் அசைத்தால் நாலு வேகத்தில் அசையும், ஒரு வரியும் தெளிவாகக் கேட்காது.

சுருதி எது வைப்பது? கூட்டமும் சேர்ந்து படிக்கப் போகிறது என்றால் அவர்கள் தொண்டைக்கு ஏற்றபடி வையுங்கள், உங்கள் விரலுக்கு ஏற்றபடி வைக்காதீர்கள். தந்திக் கருவிகளுக்கு 2 கட்டையும் 5 கட்டையும் நன்றாக ஒலிக்கும். 2 கட்டை என்றால் டி, 5 கட்டை என்றால் ஜி. விரல் வைக்காத தந்திகளே ஸட்ஜமும் பஞ்சமமுமாக ஒத்து அதிரும். மெட்டு ரொம்ப மேலே போகிறதா என்று ஒரு தடவை நீங்களே பாடிப் பார்த்து இரண்டில் ஒன்றை முடிவு செய்யலாம்.

இந்து வீட்டு வரவேற்புகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களைக் கட்டாயம் கைவசம் வையுங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சாகித்யம் எழுதியவை, எல்லாம் சங்கராபரணம். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டில் அமைந்ததும் அவற்றில் ஒன்று. சின்னச் சின்னதாக, துள்ளலாக இருக்கும், நாலு குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும். சங்கீதம் தெரிந்த மாமாக்கள் முன்வரிசையில் இருந்தால் முகம் மலர்வதை மேடையிலிருந்தே பார்க்கலாம். அதோடு கொஞ்சம் சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டில் எல்லாவற்றையும் வாசித்து முடிக்க நினைக்காமல், பல்லவியும் ஒரு சரணமும் வாசித்து அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

கோயில் கல்யாணம்

மாப்பிள்ளை வீடோ பெண் வீடோ கூப்பிட்டுவிட்டால் மட்டும் போதாது. அந்தக் கோயிலின் போதகரான சேகர குருவானவரை நேரில் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் வாசிக்கலாம், எந்தப் பாட்டு கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆராதனைக்குள் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று பல இடங்களில் சொல்வார்கள், அது நியாயம். அடுத்து ஆர்கன் வாசிப்பவரைப் பாருங்கள். இது ரொம்ப முக்கியம். அந்தக் கோயிலில் ஞாயிறு தவறாமல் வாசிக்கிறவர் அவர். "அண்ணாச்சி, பாமாலை எல்லாம் நீங்களே வாசியுங்க. உள்ள வாற நேரமும் கையெழுத்துப் போடுத நேரமும் நாங்க பாத்துக்கிடுதோம்" என்று முதலிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டால் மனவருத்தம் வராது. சேர்ந்து வாசிக்கிற பாட்டு இருந்தால் அவருடைய கருவியின் சுருதியை முந்தின நாளே கேட்டு வையுங்கள். பழைய ஆர்கன்களும் ஆர்மோனியங்களும் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவில் நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கத்தோலிக்கக் கோயில் என்றால் பங்குத்தந்தையிடமும் பாடகர் குழுவிடமும் இதே பேச்சு.

கோயிலுக்குள் வாசலும் பீடமும் இரண்டும் கண்ணில் படுகிற இடமாக உட்காருங்கள். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் மாதிரி பெரிய கோயில்களில் சத்தம் மேலே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். வீட்டில் வாசித்த வேகத்தைக் குறைத்து, வில்லைக் கொஞ்சம் விட்டு விட்டு வாசித்தால்தான் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாது. இங்கே மைக் தேவைப்படாது, கூரையே போதும்.

இப்போது பெண் உள்ளே வருகிற நேரம். இதற்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் கேனன் என்ற மெட்டைக் கேட்பார்கள், பெரும்பாலும். அதன் அடித்தளம் எட்டே சுரம். டி-யை ஸட்ஜமாக வைத்துச் சொன்னால்: ஸ ப த க ம ஸ ம ப. செல்லோ தொடக்கம் முதல் கடைசி வரை இதையே திருப்பித் திருப்பி வாசிக்கிறது, எழுதிய பாட்டில் 28 தடவை. ஒரு சுரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 8 விநாடி. வாசலிலிருந்து பீடம் வரை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீளமான உடையில், போட்டோக்காரருக்காக இரண்டு இடத்தில் நின்று நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று முந்தின நாள் நீங்களே நடந்து பார்த்து மணி பாருங்கள். ஒன்றரை நிமிஷம் என்றால் பதினோரு சுற்று. ஆனால் கல்யாணத்தன்று அந்தக் கணக்கு அப்படியே வராது. பெண் சீக்கிரம் வந்துவிடலாம், வாசலிலேயே நின்றும் போகலாம். அதனால் எந்தச் சுற்றிலும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். எட்டாவது சுரம் பஞ்சமம். அங்கே நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். அடுத்த சுற்றின் முதல் ஸட்ஜத்துக்குப் போய் அதை நீட்டி முடிக்க வேண்டும்.

எங்கள் ஏற்பாடு இப்படி: முன் வயலின் பாட்டைப் பார்க்கும், பெண்ணைப் பார்ப்பது செல்லோ. செல்லோக்காரருக்கு எட்டுச் சுரம் மனப்பாடம், கண் சும்மா இருக்கிறது. பெண் முன் பெஞ்ச் வரிசையைத் தாண்டி மாப்பிள்ளை பக்கத்தில் வந்ததும் அவர் தலையை ஒரு தடவை தூக்குவார். அதைப் பார்த்ததும் மேல் குரல் வாசிக்கிற மூவரும் தங்கள் தாளில் எந்த இடத்தில் இருந்தாலும் அந்தச் சுற்றை முடித்து, அடுத்த ஸட்ஜத்தில் வில்லைக் கூட்டாக இழுத்து நிறுத்துவோம். கடைசிச் சுரத்துக்கு எல்லோருக்கும் இழுப்பு வில்லாக (பிடியிலிருந்து நுனி வரை இழுப்பது) அமைய வேண்டும். அதற்காகத் தாளில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்துக்கும் மேலே எண்ணும் வில் குறியும் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறோம். ஒத்திகையில் ஒருவரை உண்மையாகவே நடக்கவிட்டு, வேண்டுமென்றே முன்னே பின்னே நிறுத்தச் சொல்லிப் பழகுங்கள்.

ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு அளவே கிடையாது. சாட்சிகளைத் தேடுவார்கள், பேனா தேடுவார்கள், படம் எடுப்பார்கள். மூன்று சின்னக் கீர்த்தனைகளை நிறுத்தாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறபடி கோத்து வையுங்கள். ஆச்சிகளுக்குப் பிரியமான பாட்டு இங்கேதான் வர வேண்டும். வீட்டாரிடம் பேசும்போதே, "உங்க வீட்டுல பெரியவங்க எந்தப் பாட்டு படிப்பாங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வருகிற நேரத்துக்கு மெண்டல்சோனின் கல்யாண அணிநடையோ வேறு எழுச்சியான மெட்டோ போதும், இரண்டு நிமிஷத்தில் எல்லோரும் வாசலுக்குப் போய்விடுவார்கள்.

மண்டபம்

முகூர்த்த நேரம் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உரியது. காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஜில்லா இது. கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் நாலு வயலினுக்கு வேலை கிடையாது. யாராவது, "மேளத்துக்குப் பதிலா நீங்க வாசிங்க" என்று கூப்பிட்டால் நான் ஒத்துக்கொள்வதில்லை. முந்தின நாள் சாயங்கால வரவேற்புக்கு நம்மைக் கூப்பிடச் சொல்லுங்கள், அங்கே நம் வாசிப்பு எடுபடும். மேளக்காரர்களும் அங்கே இருந்தால் போய் வணக்கம் சொல்லி, அவர்கள் எப்போது தொடங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நம் நேரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

மண்டபத்தில் போனதும் முதலில் நாற்காலியைப் பாருங்கள். எல்லா மண்டபத்திலும் கை வைத்த பிளாஸ்டிக் சேர்தான் இருக்கும். அதில் உட்கார்ந்தால் வில் இழுக்கிற முழங்கை இடிக்கும், செல்லோக்காரருக்குக் காலை அகட்டவே முடியாது. கை இல்லாத நாற்காலி நாலு வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டூல் இருந்தால் அதுவும் ஆகும். அதைவிட நல்லது, மடக்கு ஸ்டூல் நாலு நாமே கொண்டுபோவது. கிரானைட் தரையிலும் டைல்ஸிலும் செல்லோவைத் தரையில் ஊன்றுகிற அடிக்கம்பி வழுக்கும். ரப்பர் தாங்கி ஒன்று, நாற்காலிக் காலில் மாட்டுகிற பட்டையோடு, எப்போதும் பெட்டியில் இருக்கட்டும்.

சத்தம் இங்கே பெரிய பிரச்சினை. ஐந்நூறு பேர் பேசுகிற இடத்தில் மைக் இல்லாமல் வயலின் கேட்காது. மைக்செட்காரரிடம் முந்தின நாளே பேசி, நாலு லைன் வேண்டும், மிக்சரில் 48 வோல்ட் பாண்டம் பவர் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்டென்சர் மைக்குக்கு அது இல்லாமல் சத்தம் வராது. தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜில் ஒட்டுகிற பிக்கப் மலிவு, கூவாது, ஆனால் சத்தம் தகரம் தட்டின மாதிரி இருக்கும். கருவியில் மாட்டுகிற கிளிப் மைக் நல்லது. ஸ்பீக்கர் நமக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியில் வாசிப்பை நிறுத்தாதீர்கள். மைக் இல்லாமலே தொடருங்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். மின்சாரம் வந்ததும் தானாகச் சேர்ந்துவிடும்.

வெயில், காற்று, சாரல்

வயலின் பாகங்களை ஒட்டியிருப்பது சூட்டில் இளகுகிற வஜ்ஜிரப் பசை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது ஓரம் விட்டிருக்கும். கருவி எப்போதும் ஆளோடு இருக்க வேண்டும். வெளி வெக்கையிலிருந்து ஏசி ஹாலுக்குள் போனால் பெட்டியோடு ஒரு 20 நிமிஷம் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். உடனே சேர்த்தால் இரண்டாம் பாட்டுக்குள் இறங்கிவிடும். குற்றாலம், தென்காசிப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் நேரத்தில் பிருடை ஊதி இறுகிவிடும், திருகவே வராது. காய்ந்த மாசத்தில் அதே பிருடை வழுக்கி நிற்காமல் ஓடும். பிருடைப் பசை ஒரு குச்சி வாங்கி வைத்தால் இரண்டுக்கும் உதவும். நாலு கருவியிலும் தந்தியின் கீழ் முனை மாட்டுகிற வால்பகுதியில் நுண் திருகாணி போட்டுவிடுங்கள், சம்பிரதாயம் பார்க்கிறவர்கள் வேண்டாம் என்பார்கள், கல்யாண வேலைக்கு அவசியம்.

திறந்தவெளியில் வாசிக்க ஒத்துக்கொண்டால் காற்றுக்குத் தயாராகப் போங்கள். ஆடிக் காற்றில் தாள் ஸ்டாண்டோடு பறக்கும். துணி காயப்போடுகிற கிளிப் ஒரு ஸ்டாண்டுக்கு நாலு, ஸ்டாண்டின் காலில் மணல் பை, தாளைக் கெட்டியான கறுப்பு ஃபைலில். டேப்லெட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நேர் வெயிலில் அது சூடாகி அணையும், ஆகவே கோப்பும் கூடவே இருக்கட்டும்.

செல்லோ பஸ்ஸில் ஏறாது. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கம் கல்யாணம் என்றால் கார் வாடகையை முதல் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். மூன்று வயலின் பெட்டிகளோடு நாசரேத் வரை திருச்செந்தூர் ரயிலில் போய்விடலாம்தான், ஆனால் செல்லோ காரில், ஆட்கள் ரயிலில் என்று பிரிந்தால் யாராவது ஒருவர் தாமதமாவார். ஒரே வண்டியில் போங்கள்.

பேச்சும் பணமும்

வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். சொந்தக்காரர் கல்யாணமானாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். நாங்கள் அனுப்புவது இந்த மாதிரி:

"வணக்கம். தை 20-ஆம் தேதி மாலை வரவேற்புக்கு நாலு பேர் வாசிக்கிறோம். 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடிப்போம், நடுவில் 15 நிமிஷ இடைவேளை. 5 மணிக்கு மேடை தயாராக இருக்க வேண்டும். கை இல்லாத நாற்காலி 4, மைக் லைன் 4 உங்கள் ஏற்பாடு. 8 மணிக்கு மேல் வாசித்தால் ஒவ்வொரு அரை மணிக்கும் தனித் தொகை. பாதிப் பணம் முன்பணம், மீதி அன்றைக்கு வாசித்து முடித்ததும். புதுப் பாட்டு கேட்பதாக இருந்தால் மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லவும், அதற்கு எழுதும் கூலி தனி. இது சம்மதமா?"

நேரத்தை எழுதுவது ஏன் முக்கியம் என்றால், வரவேற்பு ஆறு மணி என்று அச்சடித்திருந்தாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர ஏழரை ஆகும். அதுவரை வாசித்த கை, கூட்டம் வந்தபின் சோர்ந்திருக்கும். ஆறிலிருந்து ஏழு வரை மெல்லிய பாட்டாக வாசித்து, நல்ல சரக்கைப் பிந்தி வையுங்கள்.

பணத்தைப் பிரிக்க ஒரு உதாரணம் சொல்கிறேன், தொகையை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 25,000 ரூபாய் என்று வையுங்கள். கார் 3,000, பாட்டு எழுதியவருக்கு 2,000. மீதி 20,000. அதை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரியுங்கள்: ஆளுக்கு 4,000, ஐந்தாவது பங்கு குழுவுக்கு. தந்தி வாங்க, வில்லுக்கு முடி மாற்ற, ஸ்டாண்ட் உடைந்தால் வாங்க, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உதவ அந்தப் பங்கு இருக்க வேண்டும். முன் வயலினுக்குக் கூடுதல், வயோலாவுக்குக் குறைவு என்று ஆரம்பித்தால் குழு உடையும். சமமாகவே கொடுங்கள். பேசி முடித்து, கணக்கு வைத்து, அலைகிறவருக்கு வேண்டுமானால் அந்த ஐந்தாவது பங்கிலிருந்து ஒரு தொகை.

துக்க வீட்டுக்குக் கூப்பிட்டால் நாங்கள் வண்டிச் செலவு மட்டும் வாங்கிக்கொள்வோம், அதையும் கேட்டு வாங்குவதில்லை. அடக்க ஆராதனைக்கு இரண்டு பாட்டு, மெதுவாக, கூட்டம் படிப்பதற்குத் துணையாக. உங்கள் குழுவில் இதை எப்படி வைப்பது என்று முதல் மாசத்திலேயே நாலு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் பேசக்கூடாது.

காப்புரிமை பற்றிக் கேட்பார்கள். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், மதச் சடங்குகளில் பாட்டு வாசிப்பதற்கு விலக்கு இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று விளக்கமும் இருக்கிறது. கடை திறப்பு விழா, கம்பெனி விழா இதில் வராது. அங்கே சினிமாப் பாட்டு வாசிப்பதாக இருந்தால் உரிமம் எடுப்பது ஏற்பாடு செய்கிறவர் பொறுப்பு என்று செய்தியில் ஒரு வரி சேருங்கள். பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் காலமாகி 60 வருஷம் கடந்த பழைய பாட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை. நம் கீர்த்தனைகளில் பலவும் நொட்டுஸ்வரமும் அப்படிப்பட்டவைதான்.

வருஷத்தில் வேலை இல்லாத மாசங்களும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் எங்கள் கோயில்களில் கல்யாணம் வைப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் முகூர்த்தம் இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து ஜனவரி வரை, லீவில் ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், மே மாசமும் அப்படியே. அந்தந்த நேரத்துக்கு எட்டு மாசம் முன்னாலேயே தேதி கேட்பார்கள், ஒரே காலண்டரில் நாலு பேரும் பார்க்கிற மாதிரி குறித்து வையுங்கள். வில்லை முடி மாற்ற அனுப்புவது, செல்லோவைப் பழுது பார்க்கக் கொடுப்பது, பதில் ஆட்களைக் கூப்பிட்டு முழுப் பட்டியலையும் ஓட்டிப் பார்ப்பது, வருஷத்துக்கு நாலைந்து புதுக் கீர்த்தனைக்காவது குரல் எழுதுவது எல்லாவற்றையும் லெந்திலும் ஆடியிலும் முடித்துவிடுங்கள். மே மாசத்தில் யாரிடமும் நேரம் இருக்காது.